ஒரே படி, ஒரே இரவு

பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018இல் எரிந்தது. கட்டடம் எழுந்து வருகிறது. ஒரு பழங்கால மண்டை ஓட்டின் துண்டுகள்கூடக் கிடைத்துவிட்டன. ஆனால் ஒரு மக்கள்கூட்டத்தின் குரல் எரிந்துபோனால் அதை எங்கே போய்த் தேடுவது?

2018 செப்டம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஐந்து மணிக்கே பார்வையாளர்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தியாயிற்று. ரியோ டி ஜெனிரோவின் வடபகுதியில், கின்டா ட போவா விஸ்டா பூங்காவுக்குள் இருக்கும் பழைய அரண்மனையில் காவலர்கள் நால்வர் மட்டும் இருந்தார்கள். ஏழரை மணி வாக்கில் புகை கிளம்பியது. காவலர்கள் வெளியே ஓடி வந்துவிட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை.

தீயணைப்பு வண்டிகள் வந்து சேர்ந்தன. பக்கத்திலிருந்த இரண்டு நீர்க்குழாய்களில் தண்ணீர் வரவில்லை. லாரிகளில் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினார்கள். பூங்காவின் குளத்திலிருந்தும் இறைத்தார்கள். அதற்குள் தீ மூன்று தளங்களையும் பிடித்துக்கொண்டது. மரத்தாலான தரை, மரத்தாலான கூரை, அலமாரிகளில் எரிசாராயத்தில் ஊறிக்கொண்டிருந்த உயிரின மாதிரிகள். எரிவதற்கு அங்கே எல்லாமே இருந்தது.

செய்தி கேட்டு ஓடி வந்த ஊழியர்களில் மீன்களை ஆராயும் விலங்கியலாளர் பாவ்லோ பக்கப்பும் ஒருவர். கட்டடத்தின் ஒரு பகுதியைத் தீ இன்னும் எட்டவில்லை என்று கண்டதும் அவரும் சிலரும் உள்ளே நுழைந்தார்கள். பூட்டிய கதவுகளை உடைத்தார்கள். கைக்கு அகப்பட்டதை எல்லாம் அள்ளவில்லை. நத்தை, சிப்பி வகைகளின் மூலமாதிரிகள் இருந்த இழுப்பறைகளைத் தேடி எடுத்தார்கள். ஓர் உயிரினத்துக்கு முதன்முதலாக அறிவியல் பெயர் சூட்டும்போது அதற்குச் சாட்சியாக ஓர் உடலைத் தனியே எடுத்து வைப்பது வழக்கம். அதுதான் மூலமாதிரி. அந்த இனத்தைப் பற்றி நாளைக்கு யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அதனிடம்தான் வந்தாக வேண்டும். சில ஆயிரம் மாதிரிகள் வெளியே வந்தன. உள்ளே இருந்தவை சுமார் 2 கோடி.

மறுநாள் காலை வெளிச்சுவர்கள் மட்டும் நின்றன. கூரை இல்லை; தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து கிடந்தன. பூங்காவின் வாசலில் மாணவர்களும் ஊர்மக்களும் திரண்டு அழுதார்கள், கத்தினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது.

அடிமை வணிகர் கொடுத்த வீடு

நெப்போலியனின் படைக்கு அஞ்சிப் போர்ச்சுகல் அரச குடும்பம் கப்பலேறி 1808இல் ரியோவுக்கு வந்தபோது, எலியாஸ் அந்தோனியோ லோபஸ் என்ற அடிமை வணிகர் தன் மாளிகையை இளவரசருக்குக் காணிக்கையாக்கினார். அதுதான் சாவோ கிறிஸ்டோவாவ் அரண்மனை. பிரேசிலின் கடைசிப் பேரரசர் இரண்டாம் பேத்ரோ 1825இல் அங்கேதான் பிறந்தார். மன்னராட்சி ஒழிந்த பிறகு, குடியரசின் முதல் அரசியலமைப்பை எழுதிய சபையும் அங்கேதான் கூடியது.

அருங்காட்சியகத்தை அந்த இளவரசர், ஆறாம் ஜோவாவ் என்ற அரசராகி, 1818இல் நகரின் வேறொரு பகுதியில் தொடங்கியிருந்தார். அரண்மனைக்கு அது இடம் பெயர்ந்தது 1892இல். பிற்காலத்தில் ரியோ டி ஜெனிரோ கூட்டாட்சிப் பல்கலைக்கழகத்தின் பொறுப்புக்கு வந்தது. அதனால் கண்ணாடிப் பெட்டிகளுக்குப் பின்னால் வகுப்பறைகளும் ஆய்வுக்கூடங்களும் இருந்தன. ஒரே கூரையின் கீழ் எகிப்தின் மம்மி, அமேசானின் இறகணி, தொல்லுயிர் எச்சம், வண்ணத்துப்பூச்சி, முனைவர் பட்ட மாணவரின் பாதி முடிந்த ஆய்வேடு. பள்ளிப்பிள்ளைகள் ஞாயிறுதோறும் பூங்காவில் விளையாடிவிட்டு உள்ளே வந்து டைனோசரைப் பார்த்துப் போவார்கள். பணக்காரக் கடற்கரைப் பகுதிகளிலிருந்து தள்ளி, உழைக்கும் மக்கள் வாழும் பக்கத்தில் இருந்த அருங்காட்சியகம் அது. அந்த இழப்பை ரியோவின் எளிய குடும்பங்கள் தம் வீட்டு இழப்பாகவே எடுத்துக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

எர்த் இல்லாத ஏ.சி.

பிரேசிலின் கூட்டாட்சிப் போலீஸ் 2019 ஏப்ரலில் தன் தொழில்நுட்ப அறிக்கையை வெளியிட்டது. தீ தொடங்கிய இடம் தரைத்தளத்தில், நுழைவாயிலுக்கு அருகே இருந்த கருத்தரங்க அறை. காரணம், அங்கே மாட்டியிருந்த ஏ.சி. அந்த அறையில் இருந்த மூன்று ஏ.சி.களுக்கும் தனித்தனி பிரேக்கர் இல்லை. ஒன்றுக்கு எர்த் கொடுக்கவே இல்லை. எந்த எலெக்ட்ரீஷியனும் முதல் நாளே சுட்டிக்காட்டியிருக்கக்கூடிய கோளாறு. 2020இல் விசாரணை முடிந்தபோது குற்றவியல் நடவடிக்கைக்கு உரிய கவனக்குறைவு யார்மீதும் நிரூபணமாகவில்லை என்றார்கள்.

சட்டத்தின் கணக்கு அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த ஏ.சி.யைத் தனியாகப் பார்த்தால் உண்மை பிடிபடாது. அருங்காட்சியகத்தின் பராமரிப்புக்கென ஆண்டுக்கு ஒதுக்கப்பட்டது சுமார் 5.2 லட்சம் ரியால். 2014 முதல் அதுவும் முழுதாக வந்து சேரவில்லை. தீப்பிடித்த ஆண்டில் அதில் பத்தில் ஒரு பங்களவே கைக்கு வந்திருந்தது. கொஞ்ச தூரத்தில்தான் மரக்கானா கால்பந்து அரங்கம். 2014 உலகக் கோப்பைக்காக அதைப் புதுப்பிக்க நூறு கோடி ரியாலுக்கு மேல் செலவானது. கால்பந்து பிரேசிலின் உயிர்மூச்சு என்பதை யாரும் மறுக்கவில்லை. அந்தத் தொகையில் நூற்றில் ஒரு பங்கு பூங்காவுக்குள் வந்திருந்தால் வயரிங்கை அடியோடு மாற்றியிருக்கலாம்.

மிகப் பெரிய ஈர்ப்பாக இருந்த மக்சகாலிசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நின்ற மேடையைக் கரையான் அரித்துவிட்டது. அந்தக் கூடத்தை மூடிவிட்டு, சரிசெய்ய 2018இல் இணையத்தில் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது நிர்வாகம். மக்கள் கொடுத்தார்கள். ஒரு நாட்டின் தேசிய அருங்காட்சியகம், கரையானை விரட்ட உண்டியல் ஏந்தி நின்ற ஆண்டு அது. அதே ஆண்டு ஜூனில் 200ஆம் ஆண்டு விழா. விழா நாளன்று தேசிய வளர்ச்சி வங்கியோடு 2.1 கோடி ரியாலுக்கு மேல் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. தீத்தடுப்பு ஏற்பாடுகளும் அதில் அடங்கியிருந்தன. பணம் வந்து சேருமுன் தீ முந்திக்கொண்டது.

ஆட்சியில் இருந்தவர்களை மட்டும் குறை சொல்லிக் கடந்துவிட முடியாது. 2017இல் இந்த அருங்காட்சியகத்துக்கு வந்தவர்கள் சுமார் 1.92 லட்சம் பேர். அதே ஆண்டு பாரிஸின் லூவ்ருக்குப் போன பிரேசில்காரர்கள் அதைவிட அதிகம்.

> பெட்டிச் செய்தி: எரிவது முதல்முறை அல்ல
>
> 1978 – ரியோவின் நவீனக் கலை அருங்காட்சியகம். சேகரிப்பின் பெரும்பகுதி அழிந்தது.
>
> 2010 – சாவோ பாவ்லோவின் புட்டான்டான் நிறுவனம். பல பத்தாயிரம் பாம்பு மாதிரிகள் எரிந்தன. பாம்புக்கடி ஆராய்ச்சியில் உலகப் புகழ் பெற்ற இடம் இது.
>
> 2015 – சாவோ பாவ்லோவின் போர்ச்சுகீசிய மொழி அருங்காட்சியகம். காட்சிகள் பெரும்பாலும் டிஜிட்டல் வடிவில் இருந்ததால் மீட்டெடுத்து 2021இல் திறக்க முடிந்தது.
>
> 2021 – திரைப்படக் காப்பகமான சினிமாடெகாவின் சாவோ பாவ்லோ கிடங்கு.

சாம்பலைச் சலித்தவர்கள்

தீ அணைந்த பின் தொல்லியல் ஆய்வாளர்கள் தங்கள் நிறுவனத்தையே அகழாய்வு செய்யத் தொடங்கினார்கள். இடிபாடுகளைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்த அறை எதன்மேல் விழுந்திருக்கும் என்று கணக்கிட்டு, அள்ளிய சாம்பலைச் சல்லடையில் சலித்தார்கள். தம் மேசை இருந்த இடத்தையே தோண்ட நேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு.

எல்லோரும் முதலில் தேடியது லூசியாவை. மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் லாப்பா வெர்மெல்யா குகையில் 1970களில் கிடைத்த பெண்ணின் எலும்புகள் அவை. வயது ஏறத்தாழ 11,500 ஆண்டு. அமெரிக்கக் கண்டங்களில் கிடைத்த மிகப் பழைய மனித எச்சங்களில் ஒன்று. மனிதர்கள் அந்தக் கண்டத்துக்கு எப்போது, எந்த வழியில் வந்தார்கள் என்ற விவாதத்தை மாற்றிப் போட்ட மண்டை ஓடு. 2018 அக்டோபரில், தீக்கு ஒன்றரை மாதத்துக்குப் பின், அதன் துண்டுகளில் 80 சதவீதம் கிடைத்துவிட்டதாக அறிவித்தார்கள். ஒட்டியிருந்த பசை உருகி, ஓடு சிதறியிருந்தது; ஆனால் எலும்பு இருந்தது. அதன் அளவுகளும் சி.டி. ஸ்கேன் பதிவுகளும் முன்பே எடுக்கப்பட்டிருந்ததால், எந்தத் துண்டு எங்கே பொருந்தும் என்று பார்க்க ஆதாரமும் இருந்தது.

நுழைவாயிலில் நின்ற பெண்டெகோ விண்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து டன்னுக்கு மேல் எடை. 1784இல் பாகியா மாநிலத்தில் கண்டெடுத்து, மறு ஆண்டு மாட்டுவண்டியில் ஏற்றியபோது வண்டி கட்டுக்கடங்காமல் சரிவில் ஓடி ஓடையில் விழுந்தது. நூறு ஆண்டு அங்கேயே கிடந்த பிறகுதான் 1888இல் ரியோ வந்தது. வானத்தில் எரிந்தபடி விழுந்த இரும்புக்கு ஓர் அரண்மனைத் தீ பொருட்டே இல்லை.

ஷா அமுன் என் சுவின் கதை வேறு. எகிப்தின் கர்னாக் கோயிலில் ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன் பாடிய பெண். எகிப்திய ஆட்சியாளர் இஸ்மாயில் 1876இல் பேரரசர் பேத்ரோவுக்குப் பரிசாகக் கொடுத்த அவளுடைய சவப்பெட்டியை எவரும் திறந்ததே இல்லை. திறக்காமலே ஆராய்வோம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். உடலோடு வைத்த தாயத்துகள் படத்தில் தெரிந்தன. தீயில் பெட்டியும் போயிற்று, உடலும் போயிற்று. ஸ்கேனில் நிழலாகத் தெரிந்த கல் தாயத்துகள் மட்டும் சாம்பலில் கைக்குக் கிடைத்தன.

மேற்கு ஆப்பிரிக்காவின் தஹோமி அரசர் அடன்டோசான் 1811 வாக்கில் போர்ச்சுகல் இளவரசருக்கு அனுப்பிய மரச் சிம்மாசனம் எரிந்தே போனது. அடிமைக் கப்பல்கள் போய்வந்துகொண்டிருந்த காலத்தில், ஓர் ஆப்பிரிக்க அரசர் சமமான அரசராக நின்று அனுப்பிய தூதுப்பொருள் அது. ஆப்பிரிக்க வேர்களைக் கொண்ட பல கோடி மக்கள் வாழும் நாட்டில், அப்படியொரு சாட்சி இனி இல்லை.

பேச்சு எரிந்தால்

கல் தப்பும், எலும்பு ஓரளவு தப்பும், இரும்பு நன்றாகவே தப்பும். காந்த நாடா தப்பாது.

மொழியியல் துறை, பழங்குடி மொழிகளுக்கான ஓர் ஆவணக் காப்பகத்தை அரண்மனைக்குள் வைத்திருந்தது. 1950களின் கடைசி முதல் ஆய்வாளர்கள் ஆற்றோர ஊர்களுக்குப் படகில் போய்ப் பதிந்து வந்த பேச்சும் பாட்டும் கதையும், கையால் எழுதிய சொற்பட்டியல்களும் குறிப்பேடுகளும் அதில் இருந்தன. அவற்றில் சில மொழிகளைப் பேச இன்று ஒருவரும் இல்லை. கடைசியாகப் பேசியவர் போன பிறகு அந்த மொழி இருந்த இடம் அந்த நாடாதான். அருங்காட்சியகத்தில் இருந்த பழங்குடிப் பொருள்கள் மட்டும் ஏறத்தாழ 40,000 என்று கணக்கிட்டார்கள். சுமார் 300 மக்கள்கூட்டங்களுடையவை. இறகணிகள், கூடைகள், முகமூடிகள், இசைக்கருவிகள். இறகும் நாரும் மரமும் எரிந்தால் சல்லடையில் என்ன மிஞ்சும்?

குர்ட் நிமுஎன்டாஜுவின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் பிறந்து இளவயதில் பிரேசில் வந்தவர். குவாரனி மக்கள் 1906இல் அவருக்குத் தங்கள் மொழியில் வைத்த பெயரையே கடைசிவரை சூடிக்கொண்டார். நாற்பது ஆண்டு காடுகளில் அலைந்து எழுதினார். 1945இல் டிக்குனா மக்களிடையே இறந்தார். பழங்குடிகள் எங்கெங்கே வாழ்ந்தார்கள், எந்த மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், எப்போது எங்கே நகர்ந்தார்கள் என்பதை ஒரே தாளில் காட்டும் பெரிய வரைபடம் ஒன்றைத் தன் கையால் தீட்டினார். தீ பற்றிய இரவில், அந்த வரைபடம் போய்விட்டது என்ற புலம்பல் உலகெங்கும் பரவியது.

உண்மையில் அவர் அதை மூன்று முறை வரைந்திருந்தார். ஒன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு, ஒன்று பெலெம் நகரின் கோயல்டி அருங்காட்சியகத்துக்கு, ஒன்று ரியோவுக்கு. 1981இல் பிரேசில் அரசு அதை அச்சிட்டும் வெளியிட்டது. வரைபடம் பிழைத்தது. அவருடைய தாள்களில் படியெடுக்கப்படாமல் கிடந்தவை பிழைக்கவில்லை. தீக்குத் தப்பியதற்கும் தப்பாததற்கும் இடையில் இருந்த வேறுபாடு, இன்னொரு படி இருந்ததா என்ற அந்த ஒரே கேள்விதான்.

இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஸ்பிரிங்ளர் பொருத்தவும் கூரையை மாற்றவும் கோடிக்கணக்கில் வேண்டும். ஒரு நாடாவைக் கணினியில் ஏற்றி, ஒரு படியை வேறொரு நகரிலும் இன்னொரு படியை அந்தப் பழங்குடி ஊரிலேயும் வைக்க அவ்வளவு வேண்டியதில்லை. ஆள் வேண்டும், நேரம் வேண்டும், மாதச் சம்பளம் வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு வெட்டப்பட்ட தொகைக்குள் அந்தச் சம்பளங்களும் இருந்தன.

தீக்குப் பின் காப்பகத்தினர் உலகெங்கும் ஓர் அழைப்பு விடுத்தார்கள். எப்போதாவது இங்கே வந்து நகல் எடுத்துப் போயிருந்தால் தயவுசெய்து திருப்பி அனுப்புங்கள் என்று. ரியோவின் அருங்காட்சியகவியல் மாணவர்கள், பார்வையாளர்கள் கைப்பேசியில் எடுத்த படங்களைக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. குடும்பமாக டைனோசர் முன் நின்று எடுத்த படத்தின் ஓரத்தில், இன்று இல்லாத ஒரு பானை தெரியும். அதுவும் ஆவணம்தான்.

பெயரை இழந்த பூச்சிகள்

பத்திரிகைகள் மம்மியைப் பற்றி எழுதின. பூச்சிகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. பூச்சியியல் சேகரிப்பில் 50 லட்சம் அளவில் மாதிரிகள் இருந்தன. ஏறக்குறைய எல்லாம் போயின. காய்ந்த சிறகு எரிய எத்தனை விநாடி?

மாதிரியோடு குத்தியிருக்கும் சிறு சீட்டில் எந்த நாள், எந்தக் காடு, யார் பிடித்தது என்று எழுதியிருக்கும். அட்லாண்டிக் கடற்கரைக் காடுகளில் பெரும்பகுதி வெட்டப்பட்டுவிட்டது. அழிந்த காட்டில் நூறாண்டுக்கு முன் எந்த வண்டு இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சான்று. காடு முன்பே போயிற்று. அது இருந்தது என்பதற்கான சாட்சியம் அந்த இரவில் போயிற்று. மூலமாதிரி அழிந்த இனங்களுக்குப் புதிய சாட்சி மாதிரி தேட வேண்டும். அந்த இனம் இன்னும் எங்காவது பறந்துகொண்டிருந்தால்தான் அதுவும் நடக்கும்.

> பெட்டிச் செய்தி: வேறு கட்டடத்தில் இருந்ததால் பிழைத்தவை
>
> முதுகெலும்புள்ள விலங்குகளின் சேகரிப்பு, தாவர உலர்மாதிரிகள், மைய நூலகம் ஆகிய மூன்றும் பூங்காவுக்குள்ளேயே தனிக் கட்டடங்களுக்கு முன்பே மாற்றப்பட்டிருந்தன. அவற்றைத் தீ தொடவில்லை.
>
> மானுடவியல் துறைக்கென இருந்த பிரான்சிஸ்கா கெல்லர் நூலகம் அரண்மனைக்குள்ளேயே இருந்தது. அது முற்றாக எரிந்தது.

இந்தப் பெட்டிக்குள் இருப்பதைத் தற்செயல் என்று தள்ளிவிடக் கூடாது. அரண்மனை இத்தனை சேகரிப்புக்கு ஏற்ற இடம் அல்ல என்று தெரிந்துதான் துறைகளை ஒவ்வொன்றாக வெளியே நகர்த்திக்கொண்டிருந்தார்கள். பணம் இருந்தவரை நகர்ந்த துறைகள் பிழைத்தன; வரிசையில் பின்னால் நின்றவை எரிந்தன.

மேலாடை வந்த வழி

அப்போதைய இயக்குநர் அலெக்சாண்டர் கெல்னர், தொல்லுயிரியல் ஆய்வாளர். தீக்குப் பின் அவர் ஓயாமல் சொல்லி வந்தது, மீண்டும் கட்டிய கட்டடத்தில் வைக்கப் பொருள் வேண்டும் என்பது. உலகம் அதைக் காதில் போட்டுக்கொண்டது. அராரிப்பே பகுதியின் தொல்லுயிர் எச்சங்கள் 1,100க்கு மேல் ஒரே சேகரிப்பாளரிடமிருந்து 2024இல் நன்கொடையாக வந்தன. பிரேசில் மண்ணிலிருந்து ஒரு காலத்தில் வெளியே போனவைதான் அவை.

ஆனால் 2024இன் பெரிய வரவு டென்மார்க்கிலிருந்து வந்த துபினாம்பா மேலாடை. குவாரா என்ற செந்நிறப் பறவையின் இறகுகளை நூல்வலையில் முடிந்து செய்த, தோளிலிருந்து தொங்கும் சடங்கு உடை. 17ஆம் நூற்றாண்டிலேயே கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்துவிட்டது. இத்தகைய பழைய மேலாடைகள் உலகில் பதினொன்று இருப்பதாக அறியப்பட்டது, பதினொன்றும் ஐரோப்பாவில். பிரேசிலில் ஒன்றுகூட இல்லை.

பாகியாவின் ஒலிவென்சா பகுதியில் வாழும் துபினாம்பா மக்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2000இல் ஒரு கண்காட்சிக்காக அது சாவோ பாவ்லோ வந்தபோது, அவர்களின் மூத்த பெண்மணி ஒருவர் அதைக் கண்டு, இது எங்கள் முன்னோர் என்று உரிமை கோரினார். அழிந்துபோன இனம் என்று பாடப்புத்தகங்கள் எழுதிவிட்ட மக்கள் அவர்கள். தங்கள் நிலத்தை முறைப்படி வரையறுத்துத் தர வேண்டும் என்றும் அரசோடு பல ஆண்டுகளாகப் போராடி வந்தார்கள்.

2024 ஜூலையில் மேலாடை ரியோ வந்து இறங்கியது. துபினாம்பா மக்களுக்கு அது வந்த பிறகுதான் தெரிந்தது. தங்கள் முன்னோர் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பும்போது சடங்கோடு எதிர்கொண்டு அழைக்க விடவில்லையே என்று வருந்தினார்கள். அந்த வருத்தம் முழுக்க நியாயமானது. செப்டம்பரில் அதிபர் லூலா கலந்துகொண்ட விழாவுக்குப் பாகியாவிலிருந்து நெடுந்தூரம் பயணம் செய்து வந்தார்கள், பூங்காவில் முகாமிட்டார்கள், மேலாடையின் முன் பாடினார்கள், நிலத்தைப் பற்றியும் அதிபரிடமே கேட்டார்கள்.

எரிந்த இறகணிகளைச் செய்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம், அவற்றை எங்கே, யார் வைத்திருக்க வேண்டும் என்று முன்பு எவரும் கேட்டதில்லை. தீக்குப் பிறகு ஆய்வாளர்கள் ஊர்களுக்குப் போய்ப் புதிய பொருள்களைக் கேட்கும்போது, என்ன கொடுப்பது, எதைக் கொடுக்கக்கூடாது, கொடுத்ததை எப்படி விளக்குவது என்று அந்த ஊர்களும் பேசுகின்றன. ஒரு காலத்தில் படகில் வந்து நாடாவில் பதிந்துகொண்டு போனார்கள். இப்போது பதிவின் ஒரு படி எங்கள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் இடத்துக்கு ஊர்கள் வந்திருக்கின்றன.

அரண்மனையின் முகப்பு 2022இல், பிரேசில் விடுதலையின் 200ஆம் ஆண்டில் புதுப்பொலிவு பெற்றது. 2025 ஜூலையில் ஒரு சிறு பகுதியை மட்டும் தற்காலிகமாகத் திறந்து மக்களை உள்ளே விட்டார்கள். பெண்டெகோ விண்கல் இருந்தது. கூரையின் கீழ் ஒரு பெரிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்கியது. முழுத் திறப்புக்கான ஆண்டு ஏற்கனவே தள்ளிப்போயிருக்கிறது. 2025இல் குறித்திருந்தது 2028. அதற்குள் திரட்ட வேண்டிய நிதி அப்போதும் பாக்கி. துபினாம்பா மக்களின் நிலக் கோரிக்கை முழுதாக நிறைவேறுவதும் பாக்கி. ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் பத்து மேலாடைகளும் பாக்கி.